நரிமுடிக் காலர்

நுணலும் தன் வாயால் கெடும் என்று சொல்வார்கள். ஜீவராணி கெட்டதும் வாயால்தான். ஆனால் அந்தத் தவளையாவது தன் சொந்தக் குரலில் கத்திக் கெட்டது. இவள் கெட்டது அடுத்த கடை சுதாகரன் சொல்லிக்கொடுத்த வசனத்தால்.

நுவரெலியா பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் குளிருடுப்பு விற்கும் பதினாறு கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஊரார் அதை வரிசை என்பார்கள். கட்டடம் தங்கவேலு முதலாளியுடையது. பெரிய கடைத்தெருவில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம் அவருடையது. வரிசையில் ஏழாவது கடையை ஜீவராணி வாடகைக்கு எடுத்து ஆறு வருடமாகிறது. அதற்கு முன்னால் கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பதினோரு வருடம் கொழுந்து பறித்தாள். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் மழையில் நின்று, கங்காணி பேர் கூப்பிட்டால் குரல் கொடுத்துவிட்டு மலை ஏறியவள், இப்போது கடைக்கதவைத் தானே திறந்து, தன் பேர் எழுதிய பலகைக்குக் கீழே உட்கார்கிறாள். அந்தப் பலகையை அவள் தினமும் துடைப்பாள். தூசி இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை.

வரிசைக்குச் சரக்கு கொழும்பிலிருந்து மூட்டையாக வரும். கம்பனியில் கழித்தது, வெளிநாட்டில் யாரோ உடுத்திக் கழித்தது எல்லாம் கலந்து கிடக்கும். அதில் கழுத்தைச் சுற்றிப் புசுபுசுவென்று முடி வைத்த கோட்டுகளும் வரும். அந்த முடி பிளாஸ்டிக் என்பது வரிசைக்குத் தெரியும். வாங்க வருகிறவர்களிடம் மட்டும் அது அசல் நரிமுடியாகிவிடும். பிளாஸ்டிக் என்றால் யார் வாங்குவார்கள்? கொழும்புக் காலிமுகத்திடலில் வியர்த்து வழிந்துவிட்டு மூன்று நாள் குளிரை அனுபவிக்க வருகிற சனத்துக்கு நரிதான் வேண்டியிருக்கிறது.

வரிசைக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, ஒரு தடவை சொன்ன பேச்சை மாற்றக் கூடாது. போன வருடம் பதினோராம் கடை இராமையா, கம்பளி என்று சொன்ன சால்வையைப் பாதிப் பேச்சில் நூல் என்று சொல்லிவிட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர் வாங்க வந்தவரைப் போல உடுத்தி வந்த அதிகாரி. போலியை அசல் என்று விற்றதாக வழக்குப் போட்டு, அபராதம் கட்டி, ஒரு மாதம் கடையையும் பூட்டினார்கள். இரண்டாவது சட்டம், வெளியாள் வந்து கேட்டால் வரிசை முழுவதும் ஒரே வாயால் பேச வேண்டும். ஒருத்தர் சொன்னதை மற்றவர் மறுத்தால் அன்றோடு அவரிடம் யாரும் பேசமாட்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் மார்ச் மாதக் கடைசியில், சித்திரைப் புத்தாண்டுச் சீசன் தொடங்கப் பத்து நாள் இருக்கையில், அந்த இரண்டு பேர் வந்தார்கள்.

ஒரு பெண், ஓர் ஆண். பெண் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டு, முகக்கவசம் போட்டு, மப்பு மந்தாரமாக இருந்த வானத்துக்குக் கீழே கறுப்புக் கண்ணாடியும் மாட்டியிருந்தாள். அவன் கைப்பேசியை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்திருந்தான். அந்தப் பெண் கோட்டுகளின் உள்பக்கத்தைத் திருப்பித் திருப்பி, தைத்திருந்த சின்னத் துண்டுகளை வாசித்தாள். வாங்க வருகிறவர்கள் கோட்டை மேலே போட்டுப் பார்ப்பார்கள். உள்ளே திருப்பிப் படிக்கிறவர்கள் வேறு சாதி.

பக்கத்துக் கடையில் தொப்பி விற்கும் சுதாகரன் செருமினான். "அக்கா, ஜாதகம் பாக்குறவங்க வந்திருக்காங்க போல" என்றான். அதிகாரி என்று அர்த்தம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வரிசைக்குக் கண்ணாடி போட்டவரெல்லாம் அதிகாரி.

"அக்கா தமிழா? நல்லதாப் போச்சு" என்றான் அந்த ஆள், கொழும்புத் தமிழில். "இந்தக் காலர்ல இருக்கிறது உண்மையான மிருக முடிதானா?"

அவன் கேட்ட விதமே வழக்குப் பதிகிற மாதிரி இருந்தது. ஜீவராணிக்கு இராமையாவின் பூட்டிய கடை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பேச்சை மாற்றாதே, பேச்சை மாற்றாதே என்று மனசு அடித்துக்கொண்டது.

"பின்ன? ஒரிஜினல் நரி முடிங்க. ரஷ்யா நரி. கூண்டுல வச்சு வளக்குறது."

"எப்படி நிச்சயமாச் சொல்றீங்க?"

"தடவிப் பாருங்க. ஒரு முடி கொட்டுதா? கொட்டாதுங்க. செத்த பெறகு தோல உரிச்சாத்தான் முடி கொட்டும். இது உசிரோட உரிக்கிறது."

சாம்பல் நிறக் கோட்டு ஒன்றின் காலரைத் தடவிக்கொண்டிருந்த அந்தப் பெண் சட்டென்று கையை எடுத்தாள். "உயிரோடயா?" என்று முதல் தடவையாக வாய் திறந்தாள்.

நம்பவில்லை போலிருக்கிறது என்று ஜீவராணி நினைத்தாள். சுதாகரன் முன்னொரு நாள் சொல்லிக்கொடுத்திருந்த வசனத்தை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். "உசிரோடதாங்க. கத்தக் கத்த உரிப்பாங்க. இல்லாட்டி இந்தப் பளபளப்பு வருமா? வேணும்னா சுதா தம்பியக் கேளுங்க."

"கத்தக் கத்ததாங்க" என்றான் சுதாகரன், தொப்பிகளுக்கு நடுவிலிருந்து. வரிசை ஒரே வாயால் பேசிவிட்டது.

அவர்கள் ஒன்றும் வாங்காமல் போனார்கள். ஜீவராணி பேச்சை மாற்றாமல் அதிகாரியைத் திருப்பி அனுப்பிய கெட்டிக்காரத்தனத்தை அன்று முழுக்க வரிசை மெச்சியது. இராமையா தன் செலவில் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார்.

சாயந்தரம் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய்ச் சேரும்போது தங்கை சர்மிளா வாசலிலேயே நின்றாள். அவள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறவள். கொழுந்துக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். கையில் கைப்பேசி.

"அக்கா, இது நீங்கதானே?"

அவள்தான். கைப்பேசிக்குள் உட்கார்ந்து 'கத்தக் கத்த உரிப்பாங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்ததாகத் தொப்பியும் கண்ணாடியும் கழன்றன. முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்தது நடிகை சாரங்கியின் முகம். லயத்தில் பாதி வீட்டுக் கதவில் ஒட்டியிருக்கும் முகம் அது. படப்பிடிப்புக்காகச் சென்னையிலிருந்து வந்து ஒரு வாரமாக ஏரிக்கரை ஓட்டலில் தங்கியிருக்கிறாளாம். ரோமத்துக்காக மிருகங்களைக் கூண்டில் அடைத்து வளர்த்துக் கொல்வதை எதிர்த்து மூன்று வருடமாகப் பேசி வருகிறவள். ஏதோ ஒரு வெளிநாட்டில் பேஷன் ஷோ வாசலில் பனியில் அட்டை பிடித்து நின்று பொலிசில் பிடிபட்டவள். இதெல்லாம் சர்மிளா சொல்லித்தான் ஜீவராணிக்குத் தெரியும். வீடியோவின் கடைசியில் சாரங்கி அழுதாள். நடிப்பழுகையா நிச அழுகையா என்று அக்காவும் தங்கையும் நாலு தடவை போட்டுப் பார்த்தார்கள். கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து ஊர் வாயில் அதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடையைத் தாண்டும்போது 'கத்தக் கத்த' என்று கூவிக்கொண்டு ஓடின. யாரோ அதற்கு மேளம் போட்டுப் பாட்டாக்கிவிட்டார்கள். பஸ்ஸில் வந்து இறங்கும் சனம் ஏழாம் கடைக்கு எதிரே நின்று படம் எடுத்துக்கொண்டு, வாங்காமல் போனது. மற்றக் கடைகளில் 'இங்கே மிருக முடி விற்பதில்லை' என்று மூன்று மொழியில் அட்டை தொங்கியது. நேற்று வரை அங்கேயும் நரிதான் விற்றது.

ஜீவராணிக்கு எல்லார் மேலும் சந்தேகம் வந்தது. பதினாறு கடை இருக்க, நடிகை நேராக ஏழாம் கடைக்கு ஏன் வந்தாள்? யாரோ கையைக் காட்டியிருக்க வேண்டும். இராமையாவோ? தான் விழுந்த குழியில் இன்னொருத்தர் விழவில்லையே என்ற காய்ச்சல் அவருக்கு இருந்திருக்கலாம். சுதாகரனோ? அவன் ஏன் அன்று அவ்வளவு சரியான நேரத்தில் செருமினான்? ஏழாம் கடையையும் சேர்த்து எடுத்து இரட்டைக் கடையாக்கும் ஆசை அவனுக்கு உண்டென்று யாரோ ஒரு நாள் சொன்னார்களே. அவன் கொண்டுவந்து கொடுத்த பிளேன்டீயைக் கூட அவள் வாங்கி வைத்துவிட்டுக் குடிக்கவில்லை. சாரங்கி மேல் இருந்த சந்தேகம் எல்லாவற்றையும் விடப் பெரியது. படம் வரப்போகிறது, விளம்பரம் வேண்டும்; அதற்கு ஒரு தோட்டத்துப் பொம்பளையின் வாய் அகப்பட்டது. நரிக்காக அழுகிறவளுக்கு என் பிழைப்புக்காக அழ ஒரு சொட்டு மிச்சமில்லையா?

மூன்றாம் நாள் தங்கவேலு முதலாளி வந்தார். கடைக்குள் ஏறாமல் வெளியே நின்றே பேசினார்.

"ஜீவராணி, ஒன்னால வரிசைக்கே பேர் கெட்டுப்போச்சு. சித்திரைப் புத்தாண்டு கூட்டம் வர்றதுக்குள்ள அந்தக் கெட்ட பேரத் துடைச்சிரு. முடியாட்டி சாவிய வச்சிட்டுப் போயிரு. வேற ஆளு கேட்டுக்கிட்டு இருக்காங்க."

"எல்லாரும் சொல்றதத்தானே முதலாளி நானும் சொன்னேன்?"

"சொன்னது எல்லாரும். மாட்டுனது நீ."

அன்று பஸ்ஸில் போகும்போது ரோட்டோரத் தேயிலை மலையில் கொழுந்து பறிக்கிறவர்களைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு வயசில் இடுப்பில் மறுபடி சாக்குப் படங்கு கட்டி, அட்டைக் கடியோடு மலை ஏற முடியுமா என்ற யோசனை வந்தது. முடியும், அதுதான் பயம். ஏறினால் இறங்க முடியாது.

அன்று பின்னேரமே கைப்பேசி அடித்தது. கடைப் பலகையில் இருந்த எண்ணைப் பார்த்து எடுத்தவன், அன்றைக்கு வந்த அந்தக் கொழும்புக்காரன். பேர் நிரோஷன், சினிமாக்காரர்களுக்கு இங்கே எல்லா ஏற்பாடும் செய்து கொடுக்கிறவன். "அக்கா, நம்ம நாட்டு ஆளுங்களே நிறைய பேர் மேடத்துக்கு எழுதியிருக்காங்க. அங்க விக்கிறது எல்லாம் பிளாஸ்டிக்தான், பாவம் அந்த அக்கா வியாபாரத்துக்குச் சொல்லியிருப்பாங்கன்னு. மேடம் நேர்ல வந்து உண்மையத் தெரிஞ்சுக்க ஆசைப்படுறாங்க. தப்புன்னா அதையும் வீடியோலயே சொல்லுவாங்க."

யோசித்துச் சொல்வதாக ஜீவராணி வைத்துவிட்டாள். மறுநாள் சுதாகரனிடம் சொன்னபோது அவன் வேண்டாமென்று தலையை ஆட்டினான். "மொதத் தடவ மாஸ்க் போட்டு வந்தவங்க. இந்தத் தடவ எதப் போட்டு வருவாங்களோ. நம்பாதீங்கக்கா." அவன் நல்லதுக்குத்தான் தடுக்கிறானா, கடை கைமாறட்டும் என்று தடுக்கிறானா என்று அவளுக்கு அதிலும் சந்தேகம்.

வழி சொன்னது சர்மிளா. அசல் முடியா பிளாஸ்டிக்கா என்று பார்க்க நெருப்பு போதும் என்று எங்கேயோ படித்திருந்தாள். ஜீவராணி கடையிலிருந்து ஒரு வெள்ளைக் கோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். காலரிலிருந்து நாலைந்து இழையைப் பிடுங்கி, அடுப்படியில் டின் மூடி ஒன்றின் மேல் வைத்துக் கொளுத்தினார்கள். இழை சுருண்டு உருகி, கடுகளவு கறுப்பு மணியாக நின்றது. பிளாஸ்டிக் வாளி எரிந்த வாடை. நகத்தால் அமுக்கினால் நசுங்கவில்லை.

"பிளாஸ்டிக் அக்கா! சுத்த பிளாஸ்டிக்!" என்று சர்மிளா குதித்தாள். விற்ற சரக்கு போலி என்று நிரூபணமானதற்கு ஒரு கடைக்காரி இவ்வளவு சந்தோஷப்பட்டதை அந்த அடுப்படி கண்டிருக்காது. ஜீவராணி அப்போதே நிரோஷனுக்குப் போன் எடுத்து, "வரச் சொல்லுங்க, எல்லாருக்கும் முன்னாடி கொளுத்திக் காட்டுறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாரங்கி வந்தாள். இந்தத் தடவை தொப்பியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. ஆனால் மூக்கு குண்டுமணிபோலச் சிவந்திருந்தது. நுவரெலியாக் குளிர் சினிமாக்காரர் என்று பார்க்குமா, இரண்டு நாளாகச் சளி. பேச்சே 'ம'வும் 'ந'வும் இல்லாமல்தான் வந்தது. ஊரே திரண்டிருந்தது, தோட்டத்துக்கு லீவு என்பதால் ஜீவராணியோடு முன்பு பக்கத்து நிரையில் கொழுந்து பறித்த பூரணி அக்காவும் பார்க்க வந்து, கூட்டத்தில் நசுங்காமல் இருக்கக் கடைக்குள் ஏறி நின்றுகொண்டாள். தங்கவேலு முதலாளியும் ஒரு கதிரை போட்டுக் கடைக்குள்ளேயே உட்கார்ந்தார். சுதாகரன் வாசலில் யாரும் ஏறாமல் மறித்தான். நிரோஷன் கூட்டத்துக்கு நடுவில், தெருவில் நின்றபடி கேமராவைப் பிடித்திருந்தான். இது நேரலை, உலகம் முழுக்கப் போகிறது என்றான்.

"நான் அவசரப்பட்டு உங்களப் பத்திப் பேசிட்டேனோன்னு இருக்கு அக்கா" என்றாள் சாரங்கி. "நீங்களே காட்டுங்க."

ஜீவராணி வெள்ளைக் கோட்டிலிருந்து இழையைப் பிடுங்கிக் கொளுத்தினாள். கறுப்பு மணி நின்றது. சாரங்கி அதை விரலால் உருட்டிப் பார்த்து, கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். "பிளாஸ்டிக்" என்றாள். கூட்டம் கை தட்டியது. தங்கவேலு முதலாளி கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப அன்னைக்குச் சொன்னது?"

"யாவாரங்க" என்றாள் ஜீவராணி. உலகத்துக்கு முன்னால் பொய்க்காரி என்று ஒப்புக்கொள்வதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. "நீங்க ஆபீசர்னு நெனச்சிட்டேன். நரியும் இல்ல, உரிக்கவும் இல்ல. மன்னிச்சுக்கங்க."

சாரங்கி சிரித்தாள். சிரிக்கும்போது இருமினாள். "ஒண்ணே ஒண்ணு அக்கா. அன்னைக்கு நான் தொட்டுப் பார்த்தேனே, ஒரு சாம்பல் கலர் கோட்டு. அது மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. அதையும் காட்டிடுங்க. முடிச்சிடலாம்."

அந்தக் கோட்டு பின்வரிசைக் கம்பியில் தொங்கியது. கார்த்திகை மாதம் வந்த ஒரு மூட்டையில் ஒன்பது இருந்தன, ஒரே மாதிரி, இது கடைசி. ஜீவராணி யோசிக்கவே இல்லை. எடுத்து, ஒரு கொத்தைப் பிடுங்கி, மூடியில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தாள்.

இழை உருகவில்லை. சடசடவென்று பொரிந்தது. அடுத்த நொடியில் அந்த வாடை வந்தது.

அவளுக்கு அந்த வாடையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் முனியாண்டி சாமிக்குக் கிடாய் வெட்டிய மறுநாள், லயத்துக்குப் பின்னால் ஆட்டுத் தலைகளை நெருப்பில் வாட்டும்போது எழுகிற வாடை. முடி கருகி, அடியில் தோல் சுடுகிற வாடை. மூடியில் மணி எதுவும் நிற்கவில்லை. கொஞ்சம் கரி மட்டும் கிடந்தது; விரலை வைத்ததும் பொடியாகிப் போனது.

ஜீவராணி அந்தக் காலரைப் பார்த்தாள். கடும் குளிர் காலைகளில் கடை திறந்ததும் விரல் மரத்துப்போனால் இதற்குள்தான் கையை நுழைத்துக்கொள்வாள். எத்தனையோ நாள் கன்னத்தில் வைத்துத் தேய்த்திருக்கிறாள். இது ஒரு பிராணி. ஒரு கூண்டில் இருந்த பிராணி. கத்தக் கத்த என்று அவள் யோசிக்காமல் உளறியது இதற்கு நடந்திருக்கலாம். நடக்கவில்லை என்று சொல்ல அவளிடம் என்ன இருக்கிறது?

"என்ன அக்கா வாசம் வருது?" என்று சாரங்கி கேட்டாள். "எனக்கு மூக்கு சுத்தமா அடைச்சிருக்கு. ஒண்ணும் தெரியல. நீங்களே சொல்லுங்க."

வாசலில் சுதாகரன் மூக்கைச் சுளித்தது ஜீவராணிக்குத் தெரிந்தது. அவனும் தோட்டத்தில் பிறந்தவன்தான். அவன் அவளைப் பார்த்துக் கண்ணை அகட்டினான். தங்கவேலு முதலாளி கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். பிளாஸ்டிக் என்று ஒரு சொல் சொன்னால் கடை இருக்கும், பலகை இருக்கும், சீசன் இருக்கும். கேட்கிறவளுக்கு மூக்கும் இல்லை. இதைவிட எளிதாக ஒரு பொய் யாருக்கு வாய்க்கும்? ஆறு வருடமாக ஆயிரம் பேரிடம் சிரித்துக்கொண்டே பொய்யாகச் சொன்னதை, இன்றைக்கு ஒரு தடவை உண்மையாகச் சொல்ல நாக்கு எழவில்லை. அவளுக்கே தன் மேல் அருவருப்பு வந்தது.

"இது நெசம்ங்க" என்றாள். "ஆட்டுத் தல வாட்டுற வாடை வருது. இது பிளாஸ்டிக் இல்ல. ஒரிஜினல்."

சுதாகரன் சத்தமாகச் சிரித்தான். "அக்காவுக்குப் பழக்க தோசம்! வாயத் தொறந்தா ஒரிஜினல்தான் வருது!" கூட்டமும் சேர்ந்து சிரித்தது. தெருவில் காற்று, அங்கே நின்றவர்களுக்கு எந்த வாடையும் எட்டவில்லை.

"இல்ல மேடம், பாருங்க, மணி நிக்கல, பொடியாப் போச்சு" என்று ஜீவராணி மூடியை நீட்டினாள். சுதாகரன் இரண்டே எட்டில் வந்து அதைப் பிடுங்கினான். "சூடா இருக்குக்கா, கை சுட்டுரும்" என்று சொல்லி வெளியே சாக்கடைக் கானில் தட்டினான். மறுபடி கொளுத்தலாம் என்று அவள் தீப்பெட்டியைத் தேடினாள். அது தங்கவேலு முதலாளியின் கைக்குப் போயிருந்தது. "போதும், போதும். துணிக் கடைக்குள்ள நெருப்பு வெளாட்டு வேணாம்" என்று அவர் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "பிளாஸ்டிக்தாங்க மேடம். வாடை வருதே."

ஜீவராணி கடைசியாகப் பூரணி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். பூரணிக்கு வரிசையோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பதினோரு வருடம் பக்கத்து நிரையில் நின்று, அவள் கூடை நிறையாத நாளில் தன் கொழுந்தில் ஒரு பிடி அள்ளிப் போட்டவள்.

"பூரணிக்கா, நீங்க சொல்லுங்க. ஒங்களுக்குத் தெரியாதா? இது என்னா வாடை?"

பூரணி அவளைப் பார்த்தாள். மேலே இருந்த பலகையைப் பார்த்தாள். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு ஒதுக்கினாள்.

"பிளாஸ்டிக்தான் புள்ள" என்றாள், அன்பாக.

சாரங்கியின் கண் கலங்கிவிட்டது. ஜீவராணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "புரியுது அக்கா. நான் சொன்னது பொய்யாகிடக் கூடாதுன்னு, என் மானத்தக் காப்பாத்த இப்படிச் சொல்றீங்க. இவ்வளவு நல்ல மனசு உள்ளவங்களப் போய் நான் அழ வச்சிட்டேனே." கேமராவைப் பார்த்துத் திரும்பி, தான் செய்தது தவறு என்றும், ஏழாம் கடையில் ஒரு உயிரின் ரோமமும் இல்லை என்றும், எல்லாரும் இந்த அக்காவிடமே குளிருடுப்பு வாங்க வேண்டும் என்றும் சொன்னாள். ஜீவராணியைக் கட்டிப் பிடித்தாள். சாரங்கி ஒருத்திதான் அந்தப் பிராணிக்காக நிசமாகவே அழுதிருப்பாள் என்று ஜீவராணிக்கு அப்போது தோன்றியது. இத்தனை நாள் சந்தேகப்பட்டவளை இப்போதுதான் நம்பினாள். அவள் காதில், "நெசம்மா, நெசம்" என்று சொன்னாள். சாரங்கி முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் காரில் ஏறினாள்.

பிற்பகல் மூன்று மணிக்குள் வெள்ளைக் கோட்டு, நீலக் கோட்டு எல்லாம் தீர்ந்துபோயின. வீட்டில் நேரலையைப் பார்த்த சர்மிளா சந்தோஷம் தாங்காமல் கந்தப்பளையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். அக்காவைத் தேடினால், அவள் கடையின் பின்மூலையில் ஒரு சாக்குக்கு மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் சாம்பல் கோட்டு.

"உலகம் பூரா ஒங்களத்தான் பேசுது அக்கா! ஆனா கடைசியில ஏன் அப்புடி ஒரு பொய்ய எடுத்துவிட்டீங்க? எனக்கு நெஞ்சே நின்னு போச்சு."

ஜீவராணி வலது கையை நீட்டினாள். மூன்று தடவை கழுவியிருந்தாள். விரல் இடுக்கில் அது இன்னும் இருந்தது. "மோந்து பாரு" என்றாள்.

சர்மிளா குனிந்து முகர்ந்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. அக்காவின் கையை விடாமல், மடியில் கிடந்ததைப் பார்த்தாள்.

"மத்த எட்டும்?" என்று கேட்டாள்.

"வித்துட்டேன்" என்றாள் ஜீவராணி. "பிளாஸ்டிக்னு நெனச்சு வித்துட்டேன்."